வெறும் வயிற்றில் ஒளிந்துகொள்ளும் நோய்

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு சாயங்காலம் அவளுடைய சாக்ஸைக் கழற்றும்போது கணுக்காலுக்கு மேலே வளையமாக ஒரு பள்ளம் தெரிந்தது. எலாஸ்டிக் இறுக்கமாக இருக்கிறது போல என்று நினைத்து, மறுநாள் ஒரு அளவு பெரிய சாக்ஸ் மாட்டிவிட்டேன். அன்றைக்கும் பள்ளம். காலையில் பார்த்தால் கால் வற்றியிருக்கும், கண் இமை இரண்டும் உப்பியிருக்கும். கொசு கடித்திருக்கும் என்றார் கணவர். எந்தக் கொசுவும் தினமும் இரண்டு இமையிலும் அளந்து வைத்தாற்போல் கடிக்காது என்பது எங்களுக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

படுத்தால் முகத்துக்கும் நின்றால் காலுக்கும் வீக்கம் இடம் மாறினால், உடம்பு முழுக்க நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். பள்ளம் பார்த்து இறங்குவது நீரின் குணம். இப்போது இதை எழுதத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சாக்ஸின் அளவு மட்டும்தான்.

முதலில் பார்த்த டாக்டர் அலர்ஜி என்று ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் வயிறும் முன்னுக்கு வந்துவிட்டது. அடுத்துப் பார்த்தவர் அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "கிட்னியா இருக்கலாம்மா, யூரின் பார்த்துடலாம்" என்றார். குழந்தைக்கு இப்படி முகமும் காலும் வீங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோமைத்தான். சிறுநீரகத்தின் வடிகட்டி கிழிந்த சல்லடைபோல் ஆகி, ரத்தத்தின் புரதம் சிறுநீரோடு போய்விடும் நோய் அது. அவர் நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் சிறுநீரில் தோய்த்தெடுத்த சோதனைப் பட்டை நிறம் மாறாமல் மஞ்சளாகவே இருந்தது. புரதம் துளியும் இல்லை.

ரத்தத்தில் ஆல்புமின் 1.8 என்று வந்தது. டெசிலிட்டருக்கு 3.5 கிராமாவது இருக்க வேண்டும். ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு இந்தப் புரதத்துடையது. அது குறைந்தால் நீர் குழாயைவிட்டு வெளியேறித் தசைக்கும் தோலுக்கும் நடுவில் தங்கிவிடும். ஆகக் குழி எப்படி விழுகிறது என்று தெரிந்துவிட்டது. ஆல்புமின் எங்கே போனது என்று தெரியவில்லை.

புரதக் கணக்கு பெரும்பாலும் மூன்று வழியில் இடிக்கும். சாப்பாட்டில் வரவு இல்லாமல் இருக்கலாம், கல்லீரல் தயாரிக்காமல் இருக்கலாம், அல்லது எங்கேயோ ஒழுகலாம். கல்லீரல் நன்றாக இருந்தது. சிறுநீரில் ஒழுகவில்லை. மிச்சம் இருந்த கேள்வி என்னை நோக்கித் திரும்பியது.

"வீட்ல பிள்ளைக்கு என்னம்மா குடுக்கறீங்க? ஒழுங்கா சாப்பிடுவாளா?"

சொன்னேன். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு வேறொரு இடத்தில் காட்டுவதற்காக ஃபைலின் நகல் வாங்கியபோதுதான் அவர் எழுதியதைப் பார்த்தேன்: "உணவு போதாமை?" புரதம் கிடைக்காத குழந்தைக்கு வயிறும் காலும் வீங்கும் என்பது உண்மை. கேட்க வேண்டிய கேள்விதான். கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஃபைலில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது, கேள்விக்குறி மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து நான் செய்தது என்ன தெரியுமா? எதைக் கொடுத்தாலும் அதன் மேல் ஒரு கட்டி வெண்ணெய். பாலில் ஆடை எடுக்காமல் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு அதிகமானது, வீக்கமும் அதிகமானது. யாராவது இவளுக்குச் சோறு போடவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் நான் ஊட்டிய ஒவ்வொரு கரண்டியும் ஒழுக்கைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நடுவில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆல்புமினை நரம்பில் ஏற்றினார்கள். கூடவே நீர் பிரிய ஊசி. ராத்திரியெல்லாம் டயப்பர் மாற்றினேன். காலையில் என் பழைய மகள் படுக்கையில் கிடந்தாள், மெலிந்த கன்னமும் கூரான மூக்குமாக. வீட்டில் எல்லாரும் சரியாகிவிட்டது என்றார்கள். எட்டாவது நாள் சாக்ஸ் தடம் திரும்பி வந்தது. நல்ல உடம்பில் ஆல்புமினில் பாதி தீர மூன்று வாரம் போல ஆகுமாம். எங்களுக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

குடலைப் பார்க்க எண்டோஸ்கோபி செய்தார்கள். மயக்க மருந்து கொடுப்பதால் பட்டினி போட வேண்டும். முந்தின நாளே அவள் சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரி ஒன்றும் இல்லை, காலையில் வரிசை தள்ளிப்போய் மதியம்தான் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்து "எல்லாம் நார்மல்" என்றார்கள். நோயாளியின் வீட்டார் கேட்க ஆசைப்படும் வார்த்தை அது என்று நினைப்பீர்கள். உங்கள் குழந்தை கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம்தான் அந்த வயதான பெண் டாக்டரிடம் போனோம். குழந்தைகளின் வயிறு, குடல் மட்டும் பார்ப்பவர். ஃபைலை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பேசவில்லை. ஒரு பென்சிலை எடுத்து, நான்கு ரத்தப் பரிசோதனைத் தாள்களிலும் ஒரே வரியின் கீழே கோடு போட்டார். லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு. அந்த வயதில் மைக்ரோலிட்டருக்கு மூவாயிரம், நாலாயிரம் இருப்பது சாதாரணம். இவளுக்கு 900, 850, 1,000, 900. நான்கு தடவையும் அச்சடித்து எங்கள் கையிலேயே இருந்தது. ஆல்புமினையே பார்த்துக்கொண்டிருந்ததில் யாரும் அந்த வரிக்கு இறங்கவில்லை.

இன்னொன்றும் காட்டினார். நெஃப்ரோட்டிக் நோயில் கொலஸ்டிரால் எகிறும். இவளுக்குக் குறைவாக இருந்தது. ஆல்புமின் மட்டும் இல்லை, நோயெதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் குறைந்திருந்தது. அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"எண்டோஸ்கோபிக்கு முந்தின ராத்திரி பாப்பா என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்."

"அதான்" என்றார்.

அந்த "அதான்" எனக்குப் புரிய, நிணநீர் என்றால் என்ன என்று முதலில் புரிய வேண்டியிருந்தது. நமக்கெல்லாம் நிணநீர் என்றால் 'நெறி கட்டியிருக்கு' என்பதோடு சரி. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் கட்டிபோல் திரளுமே, அது நிணநீர் முடிச்சு. அந்த முடிச்சுகளையெல்லாம் இணைத்து உடம்பு முழுக்க ஒரு குழாய்த்தொடர் ஓடுகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரையும் புரதத்தையும் அள்ளித் திரும்ப ரத்தத்திலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. இதயம்போல அதற்கென்று தனி பம்பு கிடையாது. குழாய்ச் சுவரின் துடிப்பும், தசை அசைவும், மூச்சும்தான் தள்ளுகின்றன. கடைசியில் அதில் பெரும்பகுதி மார்பு வழியே ஏறும் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து, இடப்பக்கக் கழுத்தடியில் சிரையில் கொட்டுகிறது. லிம்ஃபோசைட்டுகளுக்கும் அதுதான் பாதை.

குடலில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்திருப்போம், குடலின் உட்சுவரில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நுண்ணிய நிணநீர்க் குழாய் இருக்கிறது. சாப்பாட்டின் மாவும் புரதமும் செரித்து நேராக ரத்தத்துக்குப் போக, கொழுப்பு மட்டும் இந்த நிணநீர்க் குழாயில் ஏறுகிறது. ஏறியதும் அதுவரை தெளிவாக இருந்த நீர் பால்போல் வெளுத்துவிடும். பால்குழாய் என்றே அதற்குப் பெயர். பட்டினி கிடந்தால் அதில் பால் இல்லை. இருக்கிற இடமே தெரியாது.

என் மகளுக்கு அந்தப் பால்குழாய்கள் பிறவியிலேயே விரிந்து புடைத்திருந்தன. நீர் மேலே ஏற வழியில்லாமல் தேங்கி, அழுத்தம் தாளாமல் குடலுக்குள்ளேயே ஒழுகியது. புரதம், லிம்ஃபோசைட், கொழுப்பு எல்லாம் ஒரே ஒழுக்கில். டாக்டர்கள் இதை இன்டெஸ்டைனல் லிம்ஃபாஞ்சியெக்டேசியா என்பார்கள். முதல் தடவை கேட்டு என்னால் எழுதிக்கொள்ளவே முடியவில்லை. அவரே சீட்டில் எழுதிக் கொடுத்தார். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வெளிப்படும் அபூர்வமான நோய். குடல் நிணநீர்க் குழாய் விரிவு என்று தமிழில் சொல்லிப் பார்த்தால், பெயரைப் பார்த்த பயம் பாதி குறைகிறது.

பிறகு வீட்டில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஆற அமரப் படித்ததில் ஒரு பழைய கதை கிடைத்தது. இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர், 1622 ஜூலையில், உயிருள்ள ஒரு நாயின் வயிற்றைத் திறந்து பார்க்கும்போது குடலைச் சுற்றி வெள்ளை நூல்கள்போல் எதையோ கண்டார். நரம்பு என்று நினைத்து ஒன்றைக் கீறினால் பால்போல் வழிந்தது. குடல் நிணநீர்க் குழாயை மருத்துவ உலகம் கண்டுகொண்டது அப்படித்தான். நாய்களை உயிரோடு அறுத்ததை நினைத்தால் படிக்கவே சங்கடமாக இருக்கிறது, அது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த நாள் நடந்தது. இன்னொரு நாயை அறுத்துப் பார்த்தார். வெள்ளை நூல் ஒன்றுகூட இல்லை. முதல் நாய் வயிறு நிறையத் தின்றிருந்தது, இது தின்னவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் பொறி தட்டியது. மறுபடி ஒரு நாய்க்குத் தீனி போட்டுப் பார்த்தார். நூல்கள் திரும்ப வந்தன.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் ஒரே நாளில் கற்ற பாடம். நாங்கள் அவளைப் பட்டினி போட்டு, அந்தப் பட்டினி வயிற்றைப் பார்த்து, எல்லாம் நார்மல் என்று எழுதி வாங்கி வந்திருந்தோம்.

அந்தப் பெரிய டாக்டர் உடனே மறுபடி எண்டோஸ்கோபிக் குழாயை விடவில்லை. ஒழுக்கு குடலில்தான் என்று முதலில் உறுதி செய்ய வேண்டும் என்றார். அதற்கு ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற ரத்தப் புரதத்தை மலத்தில் தேடுவார்கள். ஆல்புமின் குடலில் ஒழுகினால் செரிமான நொதிகள் அதை நறுக்கித் தடயமே இல்லாமல் செய்துவிடும். இந்தப் புரதம் அந்த நொதிகளுக்கே அடங்காதது. ஒழுகினால் முழுசாக வெளியே வரும். உடம்பிலேயே இயற்கை வைத்த அடையாள மை. சரி, கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இருபத்துநாலு மணி நேர மலத்தைச் சிறுநீர் கலக்காமல் சேகரிக்க வேண்டும் என்றார்கள், வயிற்றுப்போக்கு உள்ள இரண்டரை வயதுக் குழந்தையிடம். அந்த ஒரு நாளைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. நானும் கணவரும் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஒற்றுமையாக வேலை பார்த்ததில்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்.

முடிவு வந்தது. அளவு எல்லையைத் தாண்டிப் பல மடங்கு.

இந்த நோயை முதலில் விளக்கியவர் தாமஸ் வால்ட்மன் என்ற அமெரிக்க மருத்துவர், 1961-ல். வால்ட்மன் நோய் என்றும் இதைச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் காரணமில்லாமல் ஆல்புமின் குறைந்த நோயாளிகளைப் பார்த்தால், உடம்பே புரதத்தை வேகமாக எரித்துத் தீர்க்கிறது என்றுதான் நினைத்தார்கள். அவரும் சகாக்களும் கதிரியக்கம் ஏற்றிய ஆல்புமினைச் செலுத்தி, அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். எரியவில்லை, குடலில் ஒழுகுகிறது என்று தெரிந்தது. பதினெட்டுப் பேரைப் பற்றி எழுதியிருந்தார். அந்தப் பதினெட்டுப் பேரின் வீட்டிலும் யாரோ ஒருவரிடம் "ஒழுங்கா சாப்பாடு குடுக்கறீங்களா" என்று கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது எண்டோஸ்கோபிக்கு முந்தின சாயங்காலம், டாக்டர் சொன்னபடி, கொழுப்பு மிகுந்த ஒரு சாப்பாடு கொடுத்தோம். அதன் பிறகு மயக்க மருந்துக்கு வேண்டிய நேரம் மட்டும் பட்டினி, வரிசையில் முதல் ஆள் எங்கள் மகள். இந்த முறை எங்களைக் கூப்பிட்டுத் திரையில் படத்தைக் காட்டினார்கள். இளஞ்சிவப்பான சிறுகுடல் சுவரில் மாவு தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அங்கங்கே இடைவெளி, மறுபடி புள்ளிகள். அதே குடல். முதல் தடவை பார்த்த அதே இடம். நோய் இருப்பதைக் கண்டு நிம்மதியில் அழுத ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன் என்று அன்றைக்கு நினைத்தேன். இந்த மாதிரி நோய் உள்ள வீட்டாரைப் பிறகு சந்தித்ததில், எல்லாரும் அழுதிருக்கிறார்கள்.

சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்ததிலும் விரிந்த குழாய்கள் தெரிந்தன. இந்த நோய் திட்டுத்திட்டாக வருவதால், எண்டோஸ்கோபி எட்டாத இடத்தில் மட்டும் இருந்தால் விழுங்கும் கேமரா மாத்திரை தேவைப்படலாம் என்றார். எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

அதோடு முடியவில்லை. குழாய் பிறவியிலேயே விரிந்ததா, வேறு எங்கோ அடைப்பினால் பின்வாங்கிய நீர் அதை விரித்ததா என்று பிரிக்க வேண்டும். இதயத்தின் உறை இறுகிப்போனாலும், ஒற்றைக் கீழறையோடு பிறந்து ஃபான்டான் அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்கும், சிரைகளில் அழுத்தம் ஏறி, கழுத்தடியில் நிணநீர் கொட்ட இடமில்லாமல் இதே ஒழுக்கு வரும். அதனால் இதய எக்கோ எடுத்தார்கள். இரண்டாவது கால்விரலின் மேல்தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார் டாக்டர். தோல் எழுந்து வந்தது. கை காலிலேயே நிணநீர்க் குழாய் கெட்டிருந்தால் அங்கே தோல் தடித்துக் கிள்ளவே வராதாம். நூனன், ஹென்னெகாம் போன்ற மரபணுக் கோளாறுகளில் குடலோடு கைகாலும் சேர்ந்து பாதிக்கப்படலாம். தெரிந்தவர் ஒருவர் "யானைக்காலா?" என்று கேட்டதற்கு அந்த ஒரு கிள்ளலைத்தான் பதிலாகச் சொன்னேன்.

மரபணுப் பரிசோதனைக்கும் ரத்தம் போனது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இதே குடல், இதே வீக்கம், இதே விரிந்த குழாய் என்று வந்த சில குழந்தைகளுக்கு சி.டி.55 என்ற மரபணு வேலை செய்யவில்லை என்று 2017-ல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்தவர்களின் பிள்ளைகள். நோயெதிர்ப்பின் ஒரு பிரிவான காம்ப்ளிமென்ட், தன் உடம்பையே தாக்குவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. ரத்தக் கட்டிகளும் உண்டாகும். சாப்பிள் நோய் என்று பெயர் வைத்தார்கள். அதற்கென்றே பொசெலிமாப் என்ற ஊசி மருந்தைப் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; பன்னிரண்டு வாரத்துக்குள் பத்துப் பேருக்கும் ஆல்புமின் சரியான அளவுக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு குழந்தைகள். ஒன்றுக்கு மருந்து இருக்கிறது, இன்னொன்றுக்குச் சமையலறைதான் மருந்து. எங்கள் ரிப்போர்ட் வர ஆறு வாரம் ஆனது. சி.டி.55 சரியாக இருந்தது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

ஆக, சமையலறை.

நீண்ட சங்கிலிக் கொழுப்பு, அதாவது நாம் வழக்கமாகச் சாப்பிடும் எண்ணெய், வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு எல்லாம் பால்குழாய் வழியாகத்தான் போகும். போனால் குழாய் புடைக்கும், ஒழுகும். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அந்தப் பாதையைத் தொடாமல் நேராகக் கல்லீரலுக்குப் போகும் சிரையில் ஏறிவிடும். எம்.சி.டி. எண்ணெய் என்று கிடைப்பது இதுதான். அதனால் பழைய கொழுப்பை ஏறத்தாழ நிறுத்தி, புரதத்தைக் கூட்டி, சக்திக்கு எம்.சி.டி. எண்ணெயைச் சேர்க்க வேண்டும். ஒழுகும் குழாய்க்கு ஓய்வு கொடுப்பது மட்டும்தான் இதில் இருக்கும் தந்திரம். 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 55 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். எம்.சி.டி. எண்ணெய் கொடுத்த 27 பேரில் 17 பேருக்கு நோய்க்குறிகள் முழுக்க அடங்கின. கொடுக்காத 28 பேரில் 10 பேருக்குத்தான். மருந்துக் கம்பெனி யாரும் ஓடி வந்து பெரிய ஆய்வு செய்யாத இடத்தில், இதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

எம்.சி.டி. எண்ணெயைத் தேங்காய், எண்ணெய்ப்பனை விதை எண்ணெய்களிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். உடனே எல்லாரும் சொன்னது: "அப்போ தேங்காயெண்ணெயே ஊத்தலாமே." ஊற்றக் கூடாது. தேங்காயெண்ணெயில் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி நிணநீர் வழியாகவே போகும். இதை நான் குறைந்தது முப்பது பேருக்கு விளக்கியிருப்பேன், பாதிப் பேர் நம்பவில்லை.

எம்.சி.டி. எண்ணெயை அதிகம் சூடாக்கினால் சீக்கிரமே புகைந்து தொண்டையைக் காறும். ஒரேயடியாக அதிகம் கொடுத்தால் வயிற்று வலியும் பேதியும் வரும். முதல் வாரம் நான் ஆர்வக்கோளாறில் அப்படித்தான் கொடுத்தேன். அவள் சுருண்டு படுத்தாள். கால் ஸ்பூனில் ஆரம்பித்து வாரக்கணக்கில் ஏற்றச் சொன்னார் உணவியல் நிபுணர். கொழுப்பைச் சுத்தமாக நிறுத்தவும் கூடாது. உடம்பால் தயாரிக்க முடியாத இரண்டு கொழுப்பு அமிலங்கள் எம்.சி.டி.யில் கிடையாது, அவற்றுக்காக அளந்து கொஞ்சம் சாதாரண எண்ணெய் போக வேண்டும். கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் தனியே. எங்கள் மகளுக்கு ஆரம்பத்தில் விதித்த வரம்பு ஒரு நாளைக்குப் பத்து கிராம் சாதாரணக் கொழுப்பு. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் இந்த வீட்டுக்குள் எதுவும் வருவதில்லை.

வைட்டமின் டி-யும் கால்சியமும் எவ்வளவு முக்கியம் என்று ஒரு ராத்திரிதான் கற்றுக் கொடுத்தது. சளிக்காய்ச்சலில் இரண்டு நாளாக மருந்து சரியாக உள்ளே போகவில்லை. திடீரென்று அவளுடைய மணிக்கட்டு மடங்கி, விரல்கள் ஐந்தும் கூம்பிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. வலிப்பு என்று நினைத்து ஓடினோம். கால்சியமும் மக்னீசியமும் தரைமட்டத்தில் இருந்தன. சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்ற, கை மெல்ல விரிந்தது. அன்றிலிருந்து ஒரு வேளை கால்சியத்தைத் தவற விட்டாலும் எனக்கு அவளுடைய விரல்கள்தான் தெரியும்.

தொற்றும் பெரிய பயம். லிம்ஃபோசைட்டும் இம்யூனோகுளோபுலினும் ஒழுகிப்போவதால் சின்னக் காய்ச்சலையும் அலட்சியம் செய்ய முடியாது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் போடுவதா வேண்டாமா என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் ரத்த அளவு பார்த்துத்தான் முடிவு செய்தார்.

உணவுக்கு அடங்காத குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆக்ட்ரியோடைட் ஊசி கொடுத்துப் பார்க்கிறார்கள். குடலின் ஒரு துண்டில் மட்டும் நோய் இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து ஒட்டுவதும் உண்டு. தொடை இடுக்கு நிணநீர் முடிச்சில் ஊசியால் சாயம் ஏற்றி, எம்.ஆர்.ஐ.யில் நிணநீர் ஓடும் திசையையே படம் பிடிக்கும் முறை கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் வந்திருக்கிறது. ஒழுகும் இடம் தெரிந்தால் சில பேருக்கு அதைப் பசை வைத்து அடைக்கவும் முடிகிறது. சிரோலிமஸ் என்று ஒரு மருந்து. பசிபிக் பெருங்கடலின் நடுவே தன்னந்தனியாக இருக்கும் ராப்பா நூயி தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. 1964-ல் அங்கே போன ஒரு மருத்துவப் பயணக் குழு மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத்தான் முதலில் அனுமதித்தார்கள். இப்போது நிணநீர்க் குழாய்கள் தறிகெட்டு வளரும் பிறவிக் கோளாறுகளில் நன்றாகவே கை கொடுக்கிறது. குடல் நிணநீர் விரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பலன் தெரிந்திருக்கிறது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து என்பதால், ஏற்கனவே லிம்ஃபோசைட் குறைந்த குழந்தைக்கு அதைத் தொடங்க எங்கள் டாக்டர் அவசரப்படவில்லை. எங்களுக்கு உணவே போதுமாக இருந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், என் சமையல் திறமை என்று சொல்ல மாட்டேன்.

வீக்கம் வடிய ஆறு வாரம் ஆனது. ஆல்புமின் மெல்ல 2.2, 2.7, பிறகு 3.1. நாலரை வயதில் ஒரு தடவை எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று வரம்பைத் தளர்த்திப் பார்த்தோம். ஒரு மாதத்தில் சாக்ஸ் தடம் வந்துவிட்டது. குழாய் உள்ளே அப்படியேதான் இருக்கிறது, நாம்தான் அதற்கு வேலை கொடுக்காமல் இருக்கிறோம் என்பதை அன்றைக்கு ஒத்துக்கொண்டோம்.

இப்போது எட்டு வயது. போன மாதம் என்னை எதிர்த்து ஏதோ பேசினாள். கோபத்தில் "என்ன, கொழுப்பா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். "எனக்குப் பதினைஞ்சு கிராம்தான்மா" என்றாள், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

தெரிந்தவர்கள் மூலம் சில தாய்மார்கள் என்னிடம் பேசுகிறார்கள். குழந்தை வீங்குகிறது, யூரின் நார்மல், எல்லாம் நார்மல் என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. லிம்ஃபோசைட் எவ்வளவு என்று பார்த்தீர்களா என்று மட்டும் கேட்கிறேன். எண்டோஸ்கோபி செய்திருந்தால், அதற்கு முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டது என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை. ஒரே ஒருத்தி மட்டும், "பட்டினியா வரச் சொன்னாங்களே அக்கா" என்றாள்.

நேற்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் வழக்கம்போல் அவளுடைய காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே மெலிசாக ஒரு கோடு. கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"சாக்ஸ் புதுசும்மா, டைட்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடினாள். நான் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.